நாயின் காதைப் பார்க்காமல் மருந்து எழுதாதீர்கள்

சேலம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும், நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

காதில் சீழ் வடியும் நாயைக் கொண்டுவந்தால், காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மூன்று நாள், சொட்டு மருந்து ஒரு பாட்டில் என்று எழுதி அனுப்புவது நம் மாவட்டத்தில் பழக்கமாகிப் போய்விட்டது. ஊசி போடுவதற்கு முன் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் சீழை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள் என்று கேட்டால், நாய்க் காதுக்கு அதெல்லாம் தேவையில்லை, மாடு ஆடு பார்க்கவே ஆள் போதவில்லை என்ற பதில்தான் வருகிறது. ஆள் போதாது என்பது உண்மை, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பார்க்காமல் போடும் ஊசியால் யாருக்கும் வேலை குறையவில்லை. அதே நாய் அடுத்த மாதமும் வருகிறது, அதற்கடுத்த மாதமும் வருகிறது. ஒவ்வொரு முறையும் நாற்றம் கூடி, காது தடித்து, போன தடவை கேட்ட மருந்து இந்தத் தடவை கேட்காமல் வருகிறது. இதை இனியும் பொறுத்துக்கொண்டு இருக்க முடியாது என்பதால் எழுதுகிறோம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலிருந்து கீழே இறக்கிக் கொண்டுவரப்படும் லேப்ரடார்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கு காது, மழையும் பனிமூட்டமுமாக மாதக்கணக்கில் காயாத ஈரம், புதருக்குள் புகுந்து வரும் பழக்கம். வரும்போதே தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காது மடலைத் தூக்கினால் உள்பக்கம் சிவந்து, மடிப்பு மடிப்பாகத் தடித்து, துவாரமே தெரியாத அளவுக்கு வீங்கிக் கிடக்கும். பச்சை கலந்த மஞ்சள் சீழ், கொழகொழவென்று நூல் இழுக்கும். தொட்டால் நாய் முனகும். அதுவரை கடித்தே பழகாத நாய் கடிக்க வரும். கூட வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பாதி தீர்ந்த சொட்டு மருந்துப் பாட்டில்கள் அதில் கிடக்கும்: ஓஃப்ளாக்சசின் கலந்தது, ஜென்டாமைசின் கலந்தது, குளோரம்ஃபெனிகால் கலந்தது, மனிதர்களுக்கானது, நாய்க்கானது எல்லாம் சேர்த்து. மருந்துச் சீட்டுகளும் கத்தையாக இருக்கும். அந்தச் சீட்டுகளில் ஒன்றில்கூடக் காதுக்குள் என்ன கிருமி தெரிந்தது என்று ஒரு வரி எழுதியிருக்காது.

அந்த ஒரு வரிக்கு என்ன செலவு என்று பார்ப்போம். ஒரு பஞ்சுக் குச்சி, ஒரு கண்ணாடி சிலைடு. துவாரத்தின் மேற்பகுதி நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கி வளைகிறது. அந்த வளைவு வரை குச்சியை விட்டு எடுத்து, சிலைடின் மேல் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் செல்கள் நசுங்கிவிடும். வலது காதுக்கு ஒரு சிலைடு, இடது காதுக்கு ஒரு சிலைடு, ஏனென்றால் இரண்டு காதிலும் ஒரே கிருமி இருக்கும் என்று விதி இல்லை. சாயத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மாட்டின் ரத்தத்தில் தைலேரியா ஒட்டுண்ணியைப் பார்க்க வைத்திருக்கும் லீஷ்மன் சாயமோ ஃபீல்டு சாயமோ போதும். எண்ணெய் லென்ஸில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்துக்குள் விடை கிடைத்துவிடும்.

நிலக்கடலைக் காய் வடிவத்தில் ஊதா நிறமாகத் தெரிந்தால் அது மலஸீசியா என்னும் ஈஸ்ட். அதற்கு ஆன்டிபயாடிக் ஒரு துளியும் வேண்டாம். காதைச் சுத்தம் செய்து குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து விட்டால் போதும். மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் அரக்கு நிற அழுக்குக் காதுகளில் இதுதான் மிகுதி. இந்தக் காதுகளுக்கும் ஊசி போட்டு அனுப்புகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். உருண்டையாக ஜோடி ஜோடியாகவும் கொத்தாகவும் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ். குச்சி வடிவத்தில் தெரிந்து, சுற்றிலும் சீழ் செல்கள் அப்பிக் கிடந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: சூடோமோனாஸ், புரோட்டியஸ், ஈ. கோலை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குச்சி தெரிந்த காதின் சீழை, ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பாமல் விடக் கூடாது.

செஃப்ட்ரியாக்சோனைப் பற்றி மருத்துவர்களிடம் நேரடியாகவே சொல்கிறோம். சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு செஃப்ட்ரியாக்சோனை எதிர்க்கும் குணம் பிறவியிலேயே உண்டு. பிறகு பழகிக்கொண்டது அல்ல. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், செஃபலெக்சின், டாக்ஸிசைக்ளின், சல்ஃபா-டிரைமெத்தோப்ரிம் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். அப்படியானால் பச்சைச் சீழ்க் காதுக்குப் போடும் அந்த மூன்று நாள் ஊசி யாரைக் கொல்கிறது? நாயின் தோலிலும் குடலிலும் இருக்கும் அப்பாவிக் கிருமிகளைக் கொல்கிறது. மருந்துக்கு மசியாதவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. காதில் இருப்பதோ அப்படியே இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோனோ உலக சுகாதார நிறுவனம் மனிதர்களுக்கு மிக முக்கியமானவை என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கும் மருந்துகளுள் ஒன்று. செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும், ஓஃப்ளாக்சசின் போன்ற குயினோலோன்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

உருண்டைக் கிருமியாக இருந்தாலும் நிம்மதி இல்லை. நாய்த் தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ், மெக்-ஏ என்ற மரபணுவைப் பெற்றுக்கொண்டால் பெனிசிலின், செஃபலோஸ்போரின் குடும்பங்கள் மொத்தமும் பயனற்றுப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் வளர்த்த கிருமியின் மேல் ஆக்ஸாசிலின் மருந்து தோய்ந்த வில்லையை வைக்க வேண்டும். மனிதர்களின் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வைக்கும் செஃபாக்ஸிட்டின் வில்லையை வைத்தால் எதிர்ப்பு இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். நாய் மாதிரியை மனித ஆய்வகத்துக்கு அனுப்புகிறவர்கள் இதை எழுதிக் கொடுத்தே அனுப்ப வேண்டும்.

அடுத்து அளவு. எங்களுக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். "காதில் 4 சொட்டு, தினம் இரண்டு வேளை" என்று எழுதுகிறீர்கள். ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லி. நான்கு சொட்டு 0.2 மில்லி. சின்ன நாய்க்கு அது சரி. நடுத்தர நாய்க்கு ஒரு வேளைக்கு 0.5 மில்லி வேண்டும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் போன்ற பெரிய நாய்க்கு 1 மில்லி வேண்டும். 0.2 மில்லி மருந்து அந்தத் துவாரத்தின் வாயிலேயே மயிரில் ஒட்டி நின்றுவிடும். வளைவைத் தாண்டிக் கிருமி இருக்கும் இடத்துக்குப் போகாது. போய்ச் சேரும் கொஞ்சமும் கிருமியைக் கொல்லாது, அதற்குப் பயிற்சி கொடுக்கும். ஒரு காதுக்கு 1 மில்லி வீதம் இரண்டு வேளை, 14 நாளுக்கு 28 மில்லி. கடையில் கிடைக்கும் 5 மில்லி பாட்டிலில் ஆறு. ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று அடுத்த மருந்துக்குத் தாவுவது முறையா? ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, எத்தனை கோடு வரை இழுக்க வேண்டும் என்று மார்க்கரில் கோடு போட்டுக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிகூடச் சரியாக விடுவார்.

மருந்து சரியாக இருந்தும் தோற்பதற்கு இன்னொரு காரணம் சீழ். ஜென்டாமைசினும் பாலிமிக்ஸினும் சீழுக்குள் போனால் செயலிழந்துவிடும். சூடோமோனாஸ் தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதைக் கரைக்காமல் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. ஆகவே முதலில் கழுவ வேண்டும். வலியில் துடிக்கும் நாயை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக் கழுவுவது கழுவல் ஆகாது. மயக்கம் கொடுத்து, மூச்சுக் குழாயில் டியூப் போட்டு, உணவு செலுத்தப் பயன்படும் மெல்லிய டியூபை சிரிஞ்சில் மாட்டி, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய சலைனால் தெளிவாக வரும் வரை கழுவ வேண்டும். மூச்சுக் குழாயில் டியூப் ஏன் என்றால், செவிப்பறை கிழிந்திருந்தால் கழுவிய நீர் தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

கழுவிய பிறகு வீட்டில் தினமும் டிரிஸ்-ஈடிடிஏ கரைசல். கிருமியின் வெளிச்சுவரைப் பிடித்து நிறுத்தும் கால்சியம், மெக்னீசியத்தை இது உருவி எடுக்கிறது. சுவர் பலவீனமானதும் என்ரோஃப்ளாக்சசினோ அமிக்காசினோ உள்ளே நுழைகிறது. மருந்துக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னால் காது நிறைய விட்டு, அடிக்காதைப் பிசைந்து, நாய் உதறிய பிறகு வெளியே வருவதை மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். இந்தக் கரைசலைத் தயாரிப்பதும் பெரிய வித்தை அல்ல: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் டிரிஸ் 6.05 கிராம், டைசோடியம் ஈடிடிஏ 1.2 கிராம், காரத்தன்மை (pH) 8-க்கு வரும்படி அசிட்டிக் அமிலத்தால் சரிசெய்து, ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கம். இந்த வேலையை ஆய்வகத்தில் செய்ய வேண்டும், வீட்டு அடுப்படியில் செய்யக் கூடாது. கடையில் நாய்களுக்கென்று விற்கும் கரைசலின் விலை பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. அரசு ஆய்வகம் நினைத்தால் மாவட்டம் முழுவதற்கும் செய்து கொடுக்க முடியும்.

தீக்காயத்துக்குப் போடும் 1 சதவீத சில்வர் சல்ஃபாடயாசின் களிம்பை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சுத்த நீர் கலந்து 0.1 சதவீதமாக்கினால் சூடோமோனாஸுக்கு நல்ல காது மருந்து. இதை எழுதிக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. விலை மலிவு என்பதால் நம்பிக்கை வரவில்லை போலும். வினிகரை அதன் அசிட்டிக் அமிலம் 2 சதவீதமாகும்படி நீர்த்து விடும் வழக்கமும் உண்டு. சூடோமோனாஸ் அதில் சாகும் என்பது உண்மைதான். ஆனால் புண்ணான காதில் விட்டால் நாய் அலறும், பிறகு யாரையும் காதைத் தொட விடாது. அத்துடன், அமிலம் இருக்கும் காதில் ஜென்டாமைசின், அமிக்காசின், என்ரோஃப்ளாக்சசின் ஆகியவை சரியாக வேலை செய்யாது. காலையில் வினிகர், உடனே என்ரோஃப்ளாக்சசின் என்று எழுதப்பட்ட சீட்டுகளைப் பார்த்திருக்கிறோம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

செவிப்பறை தெரியாத காதுக்கு ஜென்டாமைசின், குளோர்ஹெக்சிடின் கலந்த எதையும் எழுதாதீர்கள். பறை கிழிந்திருந்தால் அவை உள்காதுக்குப் போய் நாயைச் செவிடாக்கும், நடக்க முடியாமல் சுற்றிச் சுற்றி விழ வைக்கும். தலை சாய்ந்து, கண் விழிகள் ஆடி, வாய் ஒரு பக்கம் தொங்கும் நாய்க்கு ஏற்கெனவே நடுக்காதோ உள்காதோ பாதிக்கப்பட்டிருக்கிறது. சொட்டு மருந்தோடு திருப்பி அனுப்பக் கூடாத நாய் அது.

வீக்கத்தையும் மறந்துவிடுகிறோம். துவாரம் அடைத்துக் கிடக்கும்போது எந்த மருந்தும் இறங்காது. கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காதுகளில் கொடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் பிரெட்னிசலோன், தினம் ஒரு வேளை, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பு. சர்க்கரை நோய் முதலிய தடைகள் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது இது. வீக்கம் வடிந்த பிறகுதான் செவிப்பறையே கண்ணில் படும். மாதக்கணக்கில் வீங்கவிட்டால் துவாரத்தின் குருத்தெலும்பு கல்லாகி இறுகிவிடும். அதன் பிறகு காதுத் துவாரத்தையே வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. முக நரம்புக்கும் ஆபத்தான பெரிய அறுவை அது.

கல்ச்சர் அறிக்கை வந்தால் அதை வாசிப்பதிலும் ஒரு சிக்கல். அறிக்கையில் கிருமி அந்த மருந்தை எதிர்க்கிறது என்ற பொருளில் 'ஆர்' என்று போட்டிருப்பது, மாத்திரையோ ஊசியோ போட்டு ரத்தத்தில் ஏறும் அளவை வைத்துச் சொல்லப்படுவது. காதில் நேரடியாக விடும் மருந்து அதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு செறிவில் போய்ச் சேருகிறது. ஆகவே காது கழுவப்பட்டு, டிரிஸ்-ஈடிடிஏ விடப்பட்டு, சரியான அளவில் போனால் 'ஆர்' போட்ட மருந்தும் வேலை செய்வது உண்டு. எல்லாமே 'ஆர்' என்று வந்துவிட்டது, இனி மெரோபெனெம்தான் என்று பாயாதீர்கள். மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மனிதர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் மருந்தை நாய்க் காதில் செலவழிக்கும் நிலைக்கு நாம் வரவே கூடாது.

இவ்வளவும் செய்து காது ஆறினாலும், ஏன் வந்தது என்று கேட்காவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். ஒரு காதில் மட்டும் திடீரென்று வந்தால் ஊசிப்புல்லோ நாயுருவி விதையோ உண்ணியோ உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு காதிலும் திரும்பத் திரும்ப வந்து, பாதத்தை நக்கி, வயிற்றைச் சொறியும் நாய்க்கு ஒவ்வாமை. நாய்களுக்கு ஒவ்வாத புரதங்களில் முன்னால் நிற்பவை மாட்டிறைச்சி, பால், கோழி. சேலத்தில் பாதி நாய்கள் கோழித் தலையும் காலும் வேகவைத்த சோற்றில்தான் வளர்கின்றன, மீதிப் பாதி தயிர்ச் சோற்றில். இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதத்தை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். சொல்லுங்கள்.

மருந்துக் கடைக்காரர்களே, செஃப்ட்ரியாக்சோன், சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் 'ஹெச்1' பட்டியலில் இருக்கிறது. அந்த விதி 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நாய்க்கு என்று சொன்னால் விதி தளர்ந்துவிடாது. ஆன்டிபயாடிக் கலந்த காதுச் சொட்டு மருந்தும் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடியது அல்ல. காலி பாட்டிலைக் காட்டி "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்பவரிடம், கொடுக்க முடியாது என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது இவை. நாய் பார்க்கும் ஒவ்வொரு அரசுக் கால்நடை மருத்துவமனையிலும், ஏற்காட்டு மலையையும் சேர்த்து, எண்ணெய் லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப், சிலைடு, சாயம், சரியான காது நோக்கி ஆகியவை பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கும் கருவி கணக்கில் சேராது. காது நோய்க்கு ஆன்டிபயாடிக் எழுதும் சீட்டில் "சிலைடில் கண்டது" என்று ஒரு வரி கட்டாயமாக இருக்க வேண்டும்; அந்த வரி காலியாக இருந்தால் ஊசி மருந்து வழங்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள்.

கல்ச்சர் மாதிரிக்கு ஒரு வழி செய்து கொடுங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே ஆத்தூர் தாண்டித் தலைவாசலில் ஒரு கல்லூரி வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு மாதிரியைக் கொண்டுபோவது நாய் வளர்ப்பவரின் பொறுப்பாக இருக்கிறது. மலையில் காலையில் எடுத்த வெறும் பஞ்சுக் குச்சி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சேலம் வெயிலில் பேருந்து மாறிப் போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடுகிறது. கிருமி செத்த மாதிரியில் "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை வரும். அதை நம்பி மருந்தை நிறுத்துவோம். மாதிரி காய்ந்துவிடாமல் காக்கும் ஏமிஸ் ஊடகம் உள்ள குழாய்களை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கொடுத்து, வாரம் இரண்டு நாளாவது துறையின் வண்டியிலேயே மாதிரிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். எடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும். வரும் முடிவுகளை ஆண்டுக்கு ஒரு முறை தொகுத்து, நம் மாவட்டத்து நாய்க் காதுகளில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசிகிறது என்ற அட்டவணையை எல்லா மருத்துவர்களுக்கும், தனியார் மருத்துவர்கள் உட்பட, அனுப்புங்கள்.

டிரிஸ்-ஈடிடிஏ கரைசலையும் 0.1 சதவீத சில்வர் சல்ஃபாடயாசினையும் ஏதாவது ஓர் அரசு ஆய்வகத்தில் தயாரித்துக் குறைந்த விலைக்குத் தர அனுமதி வாங்குங்கள். மயக்கம் கொடுத்துக் காது கழுவும் வசதியை மாவட்டத் தலைநகரில் ஓர் இடத்திலாவது வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். எந்த நாள் என்று அறிவித்தால் மலையிலிருந்து வருகிறவர்கள் அன்றைக்கு வருவார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்கள் நாய்களுக்கு என்று விற்ற 'ஹெச்1' மருந்துகளையும் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும்.

மருத்துவர்களிடம் கேட்பது மூன்றே. இரண்டு வாரத்தில் மீண்டும் வரச் சொல்லி, இன்னொரு சிலைடு பாருங்கள். நாற்றம் போய்விட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். சிலைடு சுத்தமான பிறகும் ஒரு வாரமாவது தொடரச் சொல்லுங்கள். சீட்டில் சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு மில்லிக் கணக்கில் எழுதுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் எதிர்பார்க்கிறோம். எந்த மருத்துவமனையில் எந்த வசதி எந்தத் தேதிக்குள் வரும் என்று அதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் நாய்களின் வைத்தியத்திலும் பராமரிப்பிலும் ஈடுபட்டிருப்பவர்கள்